வருமான வரிக் கணக்கும் நமது நன்கொடை ரசீதும்



ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நமது மருத்துவமனை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பல ஒரே காரியத்தையே கேட்கின்றன. "சென்ற ஆண்டு அனுப்பிய நன்கொடைக்கு 80ஜி ரசீது அனுப்பித் தரவும்." ரசீது போய்ச் சேர்ந்த சில வாரங்களில் இரண்டாவது கடிதம் வருகிறது. "ரசீது கிடைத்தது, நன்றி. இதை யாரிடம் கொடுக்க வேண்டும்? வரியில் எவ்வளவு குறையும்?" இதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதி வந்தோம். இம்முறை எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறோம். நம் பங்காளர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர், அரசு ஊழியர், விதவைத் தாய்மார் அநேகர். ஆகையால் அவர்களுடைய கணக்கையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறோம். தொழில், வியாபாரம் செய்கிறவர்களுக்கு வேறு படிவங்களும் வேறு விதிகளும் உண்டு; அவர்கள் தங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

இந்தியாவில் வருமான வரியை முதன்முதலாகக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் காலியான கஜானாவை நிரப்புவதற்காக இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டு, 1860 ஜூலையில் இவ்வரியை நடைமுறைப்படுத்தினார். அடுத்த மாதமே கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தும் போனார். பல மாற்றங்களுக்குப் பின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. ஆனால் 2025 ஏப்ரல் 1 தொடங்கி 2026 மார்ச் 31 முடிய உள்ள ஆண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டமே. கீழே உள்ள எண்களும் தொகைகளும் அந்த ஆண்டுக்கு உரியவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். "பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி கிடையாது என்று டி.வி.யில் சொன்னார்கள். எனக்குப் பென்ஷன் அவ்வளவு வராது. ஆகவே நான் ஒன்றும் தாக்கல் செய்வதில்லை" என்று சொல்லுகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறோம். வரி கிடையாது என்பது உண்மை. தாக்கல் செய்ய வேண்டாம் என்பது உண்மையல்ல. இவ்விரண்டும் வெவ்வேறு காரியங்கள்.

புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 8 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 5 சதவீதம், 8 முதல் 12 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 10 சதவீதம் என்று படிப்படியாக ஏறி, 24 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 30 சதவீதம் ஆகிறது. ஏறுவது படியில் உள்ள பகுதிக்கு மட்டுமே. முழு வருமானத்துக்கும் அல்ல. ஆனாலும் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் இப்படிக் கணக்கிட்ட வரியை, அதாவது 60,000 ரூபாய் வரை, அரசு தள்ளுபடி செய்துவிடுகிறது. இந்தத் தள்ளுபடியைத்தான் எல்லாரும் "பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை" என்று சொல்லுகிறார்கள். 12 லட்சத்தைச் சற்றே தாண்டிவிட்டாலும் அஞ்ச வேண்டாம். 12,10,000 ரூபாய் வருமானமுள்ளவருக்கு வரி 61,500 என்று வந்தாலும், தாண்டிய 10,000 ரூபாயும் அதன்மேல் 4 சதவீத மேல்வரியும் மட்டுமே வாங்கப்படும். ஆனால் பங்குகளை விற்றுக் கிடைத்த லாபம் போன்று தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி இல்லை.

தள்ளுபடி வேறு, விலக்கு வரம்பு வேறு. விலக்கு வரம்பு 4 லட்சம். வருமானம் அதைத் தாண்டிவிட்டால், கட்டவேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் கணக்கைத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கும் சில சமயங்களில் அந்தக் கடமை உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள், ஆண்டில் 1 லட்சத்துக்கு மேல் மின்கட்டணம் கட்டியவர்கள், முதியோராயின் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ வரிப் பிடித்தம் ஆனவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். துபாயிலிருக்கும் மகனைப் பார்க்கப் போய்வந்த தாய் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். டிக்கெட்டைத் தாங்களே வாங்கினார்களா, மகன் வாங்கிக் கொடுத்தானா என்பதே இங்கே கேள்வி.

இனி ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். ஊரும் பேரும் கற்பனைதான்; ஆனால் இதே கணக்கு நம் பங்காளர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், வயது 68. அவருடைய பென்ஷன் மாதம் 32,000, ஆண்டுக்கு 3,84,000. காலஞ்சென்ற கணவரும் அரசு ஊழியரானபடியால் குடும்ப ஓய்வூதியம் மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000. இருவரும் சேர்த்துவைத்த பணம் ஒரே வங்கியில் வைப்பு நிதியாக இருக்கிறது. அதன் வட்டி ஆண்டுக்கு 1,20,000. முதியோருக்கு ஒரு வங்கியின் வட்டி ஆண்டில் 1 லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும். எனவே வங்கி 12,000 ரூபாயைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டது. இதைத்தான் டி.டி.எஸ். என்கிறார்கள்.

அந்த அம்மாவின் பென்ஷன் சம்பளத்துக்குச் சமம். அதிலிருந்து 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டு, மீதி 3,09,000. குடும்ப ஓய்வூதியமோ சம்பளத் தலைப்பில் வராது. "இதர வருமானம்" என்ற தலைப்பில் வரும். பலர் தவறுகிற இடம் இதுவே. இரண்டு ஓய்வூதியத்தையும் ஒன்றாகக் கூட்டி ஒரே கழிவைப் போட்டுவிடுகிறார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்குத் தனிக் கழிவு உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது. ஆக அந்தத் தலைப்பில் 1,55,000. வட்டி 1,20,000. மொத்தம் 5,84,000. நான்கு லட்சம் போக மிச்சமுள்ள 1,84,000க்கு 5 சதவீதம் 9,200. அது முழுவதும் தள்ளுபடி. கட்டவேண்டிய வரி ஒன்றுமில்லை.

அப்படியானால் வங்கி பிடித்த 12,000? அது அந்த அம்மாவின் பணம். ஆனால் கணக்கைத் தாக்கல் செய்து கேட்டால்தான் வரும். "எனக்குத்தான் வரி இல்லையே" என்று அவர் சும்மா இருந்துவிட்டால், அந்தப் பணம் அரசாங்கத்திடமே தங்கிவிடும். ஒரு மாதத்து மருந்துச் செலவுக்குத் தயங்குகிற ஒருவர், ஆண்டுதோறும் 12,000 ரூபாயை அறியாமலே விட்டுவிடுவதை எண்ணிப்பாருங்கள்.

இந்தப் பிடித்தம் நேராமலே தடுக்கவும் வழியுண்டு. 60 வயது நிறைந்தவர்களின் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யம் என்றால், நிதியாண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் அதை உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இதற்குப் படிவம் 15எச் என்று பெயர். ஒருமுறை கொடுத்தால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் கொடுக்கவேண்டும், ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்கவேண்டும். 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 15ஜி. ஆனால் அவர்களுக்கு வரி பூஜ்யமாக இருப்பது மட்டும் போதாது, வட்டித் தொகையே விலக்கு வரம்புக்குள் இருக்கவேண்டும். உறுதிமொழி கொடுத்துவிட்டதால் தாக்கல் செய்யும் கடமை போய்விடுவதில்லை. 75 வயது நிறைந்து, ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் தவிர வேறு வருமானமில்லாதவர்கள், அந்த வங்கி அரசு அறிவித்த வங்கிகளில் ஒன்றாக இருந்தால், அங்கே ஓர் உறுதிமொழி கொடுத்துத் தாக்கலிலிருந்தே விடுபடலாம். வரியை வங்கியே கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும்.

கணவர் இறந்த ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. இறந்தவருக்கு அந்த ஆண்டில் இறக்கும் நாள்வரை வந்த வருமானத்துக்கு, அவர் பேரில் சட்டபூர்வ வாரிசு கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். துக்கத்தின் நடுவே யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை. அவர் கணக்கில் பிடித்தமான வரியும் அப்படியே நின்றுபோகிறது. வாரிசாகத் தம்மைப் பதிவுசெய்ய மரணச் சான்றும், வாரிசுச் சான்றும், இருவரின் பான் எண்களும் தேவை. சபையில் இப்படி ஒரு வீட்டை அறிந்திருந்தால், விவரம் தெரிந்த வாலிபர் ஒருவர் ஒரு மாலைநேரம் போய் உதவலாம்.

சரி, நன்கொடை ரசீதுக்கு வருவோம். இங்கே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். 80ஜி பிரிவின் சலுகை பழைய வரி முறையைத் தெரிந்துகொள்கிறவர்களுக்கு மட்டுமே உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய முறையே இயல்பான முறை. பழையது வேண்டும் என்று நாமாகத் தெரிவித்தால்தான் அது கிடைக்கும். அதுவும் கெடு நாளுக்குள் தாக்கல் செய்தால் மாத்திரம்.

மேற்படி அம்மா நமது மருத்துவமனைக்கு 20,000 ரூபாய் அனுப்பியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பழைய முறையைத் தெரிந்தெடுத்தால் என்னவாகும்? நிலைக்கழிவு 50,000 மட்டுமே; குடும்ப ஓய்வூதியக் கழிவு 15,000. மொத்தம் 6,19,000. முதியோரின் வட்டிக்கு 50,000 கழியும். மருத்துவக் காப்பீட்டுக்கு 30,000 கட்டியிருந்தால் அதுவும் கழியும். நமது ரசீதில் பாதி, 10,000, கழியும். நிற்பது 5,29,000. இதற்கு 15,800 வரி, மேல்வரி சேர்த்து 16,432. ஒன்றும் கட்டவேண்டியிராத ஒருவர், நமது ரசீதைப் பயன்படுத்தப் போய் பதினாறாயிரத்துக்கு மேல் கட்ட நேரும்! ஆகையால் நம் பங்காளர்களில் பெரும்பாலோருக்கு இந்த ரசீதினால் வரிச் சலுகை ஏதுமில்லை. வீட்டுக் கடன் வட்டி, வாடகைப்படி, ஒன்றரை லட்சம் வரை சேமிப்பு என்று பெரிய கழிவுகள் பலவும் ஒருங்கே உள்ள, கூடுதல் சம்பளக்காரர்களுக்கே பழைய முறை சில சமயம் லாபமாகும். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். வருமான வரித்துறையின் இணையதளத்திலேயே அதற்கு வசதி உண்டு.

சலுகை பெறக்கூடியவர்களுக்கும் சில நிபந்தனைகள் உள்ளன. நம்மைப் போன்ற அறநிலையங்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும். அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை அறவே இல்லை. 5,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 2,000க்காவது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், ஒன்றுமே கிடைக்காது. செக், டிராப்ட், வங்கி மாற்று ஆகியவையே ஏற்கப்படும். வார்டுக்கென்று அனுப்பும் அரிசி மூட்டை, போர்வை, மருந்துகளுக்கு வரிக் கழிவு இல்லை. நோயாளிகளுக்கு அவை மிகவும் பிரயோஜனமாயிருக்கின்றன. அனுப்புவதை நிறுத்திவிட வேண்டாம்.

சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தையும் காணிக்கையையும் கழிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பொதுவாகக் கழிக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட மதத்தினரின் நன்மைக்கென்று அமைந்த நிலையத்துக்கு 80ஜி அங்கீகாரம் இல்லை. சரித்திர முக்கியத்துவம் உள்ளவை என்று மத்திய அரசு அறிவித்த ஆலயங்களைப் பழுதுபார்க்கக் கொடுப்பது மட்டும் விதிவிலக்கு. இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி: உதவிபெறும் பள்ளிகளில் பணிபுரியும் கன்னியாஸ்திரிகளும் குருமாரும் தங்கள் சம்பளத்தை முழுவதும் தங்கள் சபைக்கே கொடுத்துவிடுகிறார்கள், ஆகவே பிடித்தம் கூடாது என்று நெடுநாளாக நடந்த வழக்கில், அவர்கள் சம்பளத்திலும் பிடித்தம் உண்டு என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கையில் வாங்கிய பின் யாருக்குக் கொடுக்கிறோம் என்பது வேறு. நம் பேரில் வந்த வருமானம் நம்முடையதே.

மனவருத்தத்துடன் ஒன்றை எழுதுகிறோம். "ஐயாயிரம் அனுப்புகிறேன், ஐம்பதாயிரத்துக்கு ரசீது போட்டுத் தாருங்கள், நாலு பேருக்கு உதவியாயிருக்கும்" என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர் கெட்டவர் அல்ல. அவருடைய கணக்கை எழுதிக் கொடுக்கிற இடைத்தரகர் கற்றுக்கொடுத்த வழி அது. இப்படி ரசீது எழுதவும் மாட்டோம், எழுதினாலும் மறைக்க முடியாது. 2021-22 முதல், நன்கொடை பெறும் ஒவ்வொரு நிலையமும் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை ஆண்டுதோறும் மே 31க்குள் வரித்துறைக்கு அனுப்பியாக வேண்டும். அதன் பேரில் வரும் படிவம் 10பிஇ என்ற சான்றிதழே கழிவுக்கு ஆதாரம்; அதிலுள்ள எண்ணைக் கணக்கில் குறிக்க வேண்டும். 2025 ஜூலை 14 அன்று பொய்க் கழிவுகளை எழுதிக்கொடுத்த தரகர்களைத் தேடி நாடு முழுவதும் 150 இடங்களில் வரித்துறை சோதனையிட்டது. தமிழ்நாடும் அதில் உண்டு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்றும் அரசு அறிவித்தது. தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நோட்டீஸ் வருவது கணக்குக்குரியவர் பேரில்.

தாக்கல் செய்யும் வேலை பயப்படுமளவு கடினமல்ல. ஓய்வூதியமும் வட்டியும் உள்ள பெரும்பாலோருக்கு 'சஹஜ்' எனப்படும் ஐ.டி.ஆர்.-1 படிவம் போதும். மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் வாழைத் தோட்டத்திலிருந்தோ தென்னந்தோப்பிலிருந்தோ ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வந்தால் இந்தப் படிவம் செல்லாது, வேறு படிவம் வேண்டும். வீட்டு வாடகை வந்தால் வீட்டு வரியைக் கழித்த மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் பணம் வருமானமல்ல. ஆனால் அதை வங்கியில் போட்டு வாங்கும் வட்டி வருமானம்.

முதலில் பான் எண் ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணையாத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்துவிட்டன, அதற்குப் பணம் திரும்ப வராது. பிறகு இணையதளத்தில் உங்கள் கணக்கில் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது, எவ்வளவு பிடித்தது என்று எல்லாம் அதில் இருக்கும். மறந்துபோன சிறு கணக்கின் வட்டிகூட வந்துவிடும். நீங்கள் எழுதுவது அதனோடு ஒத்துப்போகவேண்டும். அதில் தவறிருந்தால் அங்கேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம். பணம் திரும்ப வரவேண்டிய வங்கிக் கணக்கையும் அங்கே உறுதிப்படுத்த வேண்டும்.

2025-26ஆம் ஆண்டு வருமானத்துக்கு இந்தப் படிவத்தைத் தாக்கல் செய்யவேண்டிய நாள் 2026 ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000, மேலே என்றால் 5,000. நம் தலைமையாசிரியை அம்மாவுக்கு வருமானம் 5,84,000 ஆதலால், திரும்ப வரும் 12,000 ரூபாயில் 5,000 இதற்கே போய்விடும். டிசம்பரையும் தவறவிட்டால் பிற்பாடு திருத்தக் கணக்குக் கொடுக்க வழி உண்டு. ஆனால் அதன் மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

தாக்கல் செய்த கையோடு வேலை முடிந்ததென்று விட்டுவிடாதீர்கள். 30 நாட்களுக்குள் அதை உறுதிசெய்ய வேண்டும். ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் எண்ணைக் கொண்டு உடனே செய்யலாம். இயலாதவர்கள் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, பெங்களூரிலுள்ள வருமான வரி மையத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம். உறுதிசெய்யாத கணக்கு தாக்கல் செய்யாத கணக்கே. அதன்பின் "உங்கள் ரீஃபண்ட் தயார், இங்கே அழுத்துங்கள்" என்று கைபேசியில் செய்தி வந்தால் அழுத்த வேண்டாம். வரித்துறை பணத்தை நேரே வங்கிக்கு அனுப்பும். கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ கேட்காது.

எங்களிடம் சான்றிதழ் வேண்டுவோர், நன்கொடை அனுப்பும்போதே பான் எண்ணையும், பான் அட்டையில் உள்ளபடியே பெயரையும், முழு விலாசத்தையும் தெளிவாக எழுதி அனுப்புங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கொடுத்தாலும் யார் பேரில் சான்றிதழ் என்பதைக் குறிப்பிடுங்கள். யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் வந்ததோ அவர் பேரிலேயே இருப்பது நல்லது. "பெயர் வேண்டாம், ஒரு விசுவாசி என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதுகிறவர்களின் காணிக்கையையும் அப்படியே நன்றியோடு வரவு வைக்கிறோம். அவர்களுக்கு மட்டும் இந்தச் சான்றிதழ் அனுப்ப வழியில்லை.